நண்பரை லாரியில் ஏற்றும் முன்: கேள்வி பதில்

நெடுந்தூர லோடுக்குப் போகும்போது நண்பரை உடன் அழைத்துச் செல்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே எடுக்கிறேன்.

கேள்வி: ஐந்து நாள் லோடு. நண்பன் கூட வர ஆசைப்படுகிறான். முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? யாருக்குத் தெரியப்போகிறது?

ஒன்றும் நடக்காதவரை யாருக்கும் தெரியாது. நடந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான்: "கேபினில் இருந்த இன்னொருவர் யார்?"

வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் விதியே இருக்கிறது. உடன் வருபவரின் பெயர், எங்கிருந்து எங்கே, அனுமதி எந்தத் தேதியோடு முடிகிறது என்று நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும் அந்த மூன்றையும் எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது காப்பீடு. சரக்கு வண்டியின் காப்பீடு பெரும்பாலும் ஓட்டுநரையும் வண்டியில் வேலை செய்பவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் வந்தால் வேறு கணக்கு; 1994-இல் வந்த சட்டத் திருத்தம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் நண்பர் இரண்டிலும் சேர மாட்டார். "சரக்குக்காரர் என்று எழுதிவிடலாமே" என்று உடனே யோசிப்பீர்கள். யோசிக்காதீர்கள்.

கேள்வி: நண்பருக்குக் கார் நன்றாக ஓட்டத் தெரியும். நான் களைத்தால் ஒரு மணி நேரம் கொடுக்கலாமா?

கூடாது. அந்த வகை வண்டிக்கு அவரிடம் உரிமம் இல்லை. உரிமத்தை விடுங்கள், பிரேக்கை எடுத்துக்கொள்வோம். காரில் மிதித்ததும் பிடிக்கும். லாரியின் ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியாகப் போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடியாவது ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடியில் வண்டி 11 மீட்டர் போய்விடும்; பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கியிருக்காது. காருக்குப் பழகிய கால் அந்த 11 மீட்டரை அறியாது.

கேள்வி: நண்பர் எதை எடுத்துவர வேண்டும்?

மென்மையான பை ஒன்று. பெட்டி வேண்டாம், வைக்க இடமில்லை. தினமும் சாப்பிடும் மருந்து, அடையாள அட்டை, மூடிய காலணி. செருப்போடு வருபவரைப் பல லோடிங் இடங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

அவர் ஏறியதும் ஒன்று சொல்லிவிடுங்கள்: முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் பக்கத்துக் கண்ணாடி உங்களுக்கு மறையும். படம் எடுக்க எல்லோரும் முன்னால் சாய்வார்கள். இரு சக்கர வண்டி ஒன்று வந்து ஒட்டிக்கொள்வதும் அந்தப் பக்கத்தில்தான்.

கேள்வி: ஆளில்லாத சாலையில், இரவில் மட்டும் நண்பர் ஓட்டினால்?

மேலே சொல்லிவிட்டேன். இரவில் பிரேக் வேறு மாதிரி வேலை செய்வதில்லை.

கேள்வி: பக்கத்தில் பேச ஆள் இருந்தால் தூக்கம் வராது. அதற்காகவே நண்பனை அழைத்துப் போகிறேன். சரிதானே?

இல்லை. பேச்சு தூக்கத்தை ஒத்திப்போடுவது போலத் தோன்றும், தீர்க்காது. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடல் தானாகவே தளரும். மூன்று நொடி கண் செருகினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் 66 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் வண்டி ஓடியிருக்கும்.

அதே நபர்: நான் பல வருடமாகப் பேசிக்கொண்டேதான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இது ஏடு இல்லை, என் கதை. ஓர் இரவு பழைய நண்பர் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். மூன்றரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மணியை ஒளித்துவைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "என்ன, பிடிக்கவில்லையா?" என்றேன். "இப்போதுதான் சொன்னீர்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை," என்றார். முதல் முறை சொன்னது எனக்கு நினைவே இல்லை. இடையில் கடந்த பாலமும் நினைவில்லை. வாய் பேசிக்கொண்டிருந்தது, ஆள் அங்கே இல்லை. அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்கினேன். எழுந்த உடனே கிளப்பவும் இல்லை. தலை தெளியக் கால் மணி நேரம் நடந்தேன்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். எத்தனை பாலம் நினைவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனியாகப் போனால் இன்னும் மோசம் அல்லவா?

அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவு அவர் இல்லாவிட்டால் கதையை இரண்டு முறை சொன்னேன் என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்? ஆனால் என்னை நிறுத்தவைத்தது பேச்சு இல்லை, கவனித்துச் சொன்ன ஒரு வரி. அதைச் சொல்லத் துணிவுள்ள நண்பரை அழைத்துப் போங்கள். "நீங்கள் சொன்னால் கேள்வி கேட்காமல் நிறுத்துவேன்" என்று கிளம்பும்போதே அவருக்கு வாக்குக் கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் அவர் வாய் பிளந்து தூங்கினால் கோபப்படாதீர்கள். உங்களை விழிக்கவைப்பது அவர் வேலை இல்லை.

பேசிக்கொண்டே ஓட்டும் நபர் மறுபடியும்: காபி குடித்தால் போதும்.

காபி முழுதாக வேலை செய்ய அரை மணி நேரம்போல ஆகும். குடித்துவிட்டு அந்த நேரத்தில் தூங்குங்கள். இந்த வாதத்தை இதோடு விடுகிறேன்.

கேள்வி: கேபினில் ஒரே படுக்கை. யார் படுப்பது?

ஓட்டுநர். வண்டி ஓடும்போது நண்பர் பெல்ட் போட்டு இருக்கையில் இருக்க வேண்டும், பின்னால் படுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் வண்டிக்குத் தனிக் கணக்கு உண்டு. அதற்காக நண்பரை இரண்டாம் ஓட்டுநராக எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: இறங்கும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் இறங்குவது போல முகம் வெளியே பார்க்க இறங்கக் கூடாது. வண்டியைப் பார்த்தபடி, இரு கை ஒரு கால் அல்லது இரு கால் ஒரு கை எப்போதும் பிடிப்பில் இருக்க இறங்க வேண்டும். மேலே சொன்ன நண்பர் குதித்துத்தான் இறங்கினார். கணுக்கால் வீங்கி மீதி மூன்று நாளும் காலை டாஷ்போர்டில் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். அப்படி வைப்பதும் தவறு; திடீரென்று பிரேக் போட்டால் முழங்கால் முகத்தில் இடிக்கும். அதோடு கண்ணாடியும் மறையும்.

கேள்வி: நண்பருக்குச் சலிப்புத் தட்டுமா?

தட்டும். பாதி நாள் லோடு இறக்கக் காத்திருப்பதிலேயே போகும்.

கேள்வி: நண்பர் டிராக்டர் ஓட்டுவார். காலி மைதானத்தில் மட்டும்...

டிராக்டர் என்று மாற்றிக் கேட்டாலும் அதே கேள்விதான். இறக்கும் இடத்தில் என் வண்டி எண்ணைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.