டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர் தகுமா?

கேட்டவரின் வாதம் இது: அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்குப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் ஒரு சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி)கூட ஆடியதில்லை, அவருக்கு எதற்கு 4 ஆண்டுக்கு 24 கோடி டாலர்?

நான் இருப்பது டாலஸ் பக்கத்து இர்விங்கில். மதியம் அலுவலகத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் கொண்டுபோன சாப்பாடு ஆறிப்போகும். என் கட்சி என்னவென்றால், டாக் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் இந்த 6 கோடி அவர் ஆட்டத்துக்கு மட்டும் வந்த விலை அல்ல. பாதி, அணி முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் இழுத்தடித்ததற்கு வந்த விலை.

அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-இல் நான்காம் சுற்றில், 135-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் டாக். அப்போதைய குவாட்டர்பேக் டோனி ரோமோ காயம்பட்டதால் முதல் ஆண்டே இறங்கி 13 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். அவரோடு சேர்ந்து வந்த குவாட்டர்பேக்குகள் ஜாரெட் காஃப், கார்சன் வென்ட்ஸ் இருவருக்கும் 2019-லேயே ஆண்டுக்கு 3 கோடிக்கு மேல் ஒப்பந்தம் ஆகிவிட்டது. டாலஸ் மட்டும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளியது. 2020-இல் ‘ஃபிரான்சைஸ் டேக்’ போட்டு, ஒப்பந்தம் முடிந்தும் வேறு அணிக்குப் போகவிடாமல் ஓராண்டுக்கு மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அந்த அக்டோபரில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. அப்படியும் 2021-இல் 4 ஆண்டுக்கு 16 கோடி கொடுக்க வேண்டி வந்தது. பணத்தைவிட முக்கியம் அதிலிருந்த இரண்டு நிபந்தனைகள்: அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றக் கூடாது, மறுபடி டேக் போடவும் கூடாது. அதில் கையெழுத்திட்ட அன்றே அணியின் பிடி கைவிட்டுப் போய்விட்டது.

அப்புறம், ஓர் அணி ஆண்டுக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள் அடங்க அவர் பணத்தை வரும் ஆண்டுகளின் கணக்குக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அதனால் 2024 முடிந்து அவர் கிளம்பிப் போயிருந்தாலும் 2025 கணக்கில் சுமார் 4 கோடி டாலர் நின்றிருக்கும். ஆளும் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் இந்த 24 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானது எப்போது தெரியுமா? 2024 செப்டம்பர் 8, கிளீவ்லாந்தில் சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு. முகூர்த்தத்தன்று காலையில் பூக்கடைக்குப் போய் நின்றால் என்ன பேரம் பேச முடியும்? அந்த ஒப்பந்தத்தில் 23.1 கோடி உத்தரவாதத் தொகை வேறு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2023-இல் லீகிலேயே அதிகமாக 36 டச் டவுன் பாஸ் போட்டவர் இவர். எம்விபி என்ற சீசனின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் லாமர் ஜாக்சனுக்கு அடுத்த இடம். ஆனால் 2024 ஜனவரியில் சொந்த மைதானத்தில் கிரீன் பே அணியுடன் நடந்த பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) இங்கே யாருக்கும் ஜீரணமாகவில்லை. அங்கே தொடர்ந்து 16 ஆட்டங்கள் ஜெயித்திருந்த அணி, ஏழாம் இடத் தகுதியோடு வந்தவர்களிடம் முதல் பாதியிலேயே 27-0 பின்தங்கியது. டாக் வீசிய ஒரு பந்தை டார்னல் சாவேஜ் பறித்து 64 கெஜம் ஓடி டச் டவுன் ஆக்கினார். முடிவில் டாக் கணக்கில் 403 கெஜம், 3 டச் டவுன் என்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் பெரும்பகுதி ஆட்டம் போன பிறகு சேர்த்தது. இந்தக் குறையை மறுக்க மாட்டேன். ஆனால் அன்று கிரீன் பே எடுத்த 48 புள்ளியில், சாவேஜ் அடித்தது போக 40-க்கு மேல் விட்டுக்கொடுத்த தற்காப்பை யாரும் திட்டக் காணோம்.

‘சான் பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் பிராக் பர்டியைப் பார், பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த சம்பளத்தில் சூப்பர் பவுல் போனார்’ என்பார்கள். அது டிராஃப்டில் கடைசி ஆளாக வந்த புதுமுகத்தின் சம்பளம். 2025 மே மாதம் அவருக்கும் 5 ஆண்டுக்கு 26.5 கோடி கொடுத்தாயிற்று. நடுத்தர ஆளுக்கு விலை கொடுத்துச் சூடுபட்டவர்களும் உண்டு: நியூயார்க் ஜயன்ட்ஸ் 2023-இல் தன் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு 4 ஆண்டுக்கு 16 கோடி பேசி, 2024 நவம்பரில் வெளியே அனுப்பியது.

அதனால் நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஆனால் 2023 கோடையிலேயே. 2024 நவம்பரில் தொடைத்தசை கிழிந்து அந்த சீசன் முடிந்தது டாக்கின் கெட்ட நேரம், அதை வைத்து ஒப்பந்தத்தைப் பழிப்பது நியாயமில்லை. இழுத்தடிக்கும் பழக்கம் மட்டும் டாலஸை விடவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர் மைக்கா பார்சன்ஸோடும் அதே கதை நடந்து, 2025 ஆகஸ்டில் அவரை அதே கிரீன் பேக்கே கொடுத்துவிட்டார்கள்.