பூஸ்டருக்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள்

கேள்வி: சுங்கை பட்டாணியில் ஒற்றை மாடி வரிசை வீடு. மைஃப்ரீவியூ (மலேசியாவின் இலவச டிஜிட்டல் தொலைக்காட்சிச் சேவை) டிகோடருக்காக இணையத்தில் தட்டை ஏரியல் ஒன்று வாங்கி, தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பெட்டியில் ‘4கே, 500 கிலோமீட்டர்’ என்று போட்டிருந்தது. ஆனால் டிவி2-இல் தமிழ்ச் செய்தி பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கடைக்காரர் பூஸ்டர் (அலையைப் பெருக்கும் கருவி) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் இணைப்பு வேண்டும்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரத்தைப் பூமியின் வளைவே மறைத்துவிடும். 4கே என்பதும் ஏரியலின் குணம் அல்ல. அலையை வாங்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

உங்களுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை உங்கள் ஊருக்கு வடக்கே, சற்று மேற்காக, 20 கிலோமீட்டருக்குள் நிற்கிறது. அன்று கடாரத்துக்கு வந்த மரக்கலங்களுக்கு அடையாளம் காட்டிய மலைதான், உச்சியில் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரம் வழியாக, இன்று உங்களுக்குச் செய்தியும் அனுப்புகிறது. தடை வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். கூரை ஓட்டுக்கு அடியில் வெயிலுக்காக விரிக்கும் வெள்ளி நிறத் தாள், ஜிங்க் தகடு, ஏன், தொலைக்காட்சியின் பின்புறமே அலையைக் கெடுக்கும்.

டிகோடரின் மெனுவில் அலையின் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். தரத்தை மட்டும் பாருங்கள். பூஸ்டர் வலிமையை ஏற்றிக் காட்டும். ஆனால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோயில் திருவிழாவில் கரகரக்கும் ஒலிபெருக்கியைச் சத்தமாக வைத்தால் என்ன கேட்கும்? கோபுரத்துக்கு இவ்வளவு அருகில் அலை அளவுக்கு மீறினாலும் டிகோடர் திணறி, படம் இதே போல உடையும்.

ஏரியலின் வயரில் யுஎஸ்பி முனை தொங்குகிறதா? அப்படியானால் அதற்குள் ஏற்கெனவே ஒரு பூஸ்டர் இருக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் விட்டிருந்தால், வருகிற அலையையும் அதுவே தடுக்கும். அதைச் செருகிவிட்டு, மலையைப் பார்த்த ஜன்னலுக்கு ஏரியலை மாற்றுங்கள். ஒரு முழம் நகர்த்தினாலே தரப் பட்டை ஏறி இறங்குவதைக் காண்பீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், பூஸ்டருக்கான பணத்தை யுஎச்எஃப் (டிஜிட்டல் ஒளிபரப்பு வரும் அலைவரிசை) வெளிப்புற ஏரியலுக்குக் கொடுங்கள். அதன் குறுக்குக் கம்பிகள் ஏறக்குறைய ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அனலாக் காலத்தில் பலர் கூரையில் மாட்டிய நீளக் கம்பி ஏரியல் இதற்கு உதவாது. வயர் ஆர்ஜி6 என்ற ஏரியல் வயர் வகையாக இருக்கட்டும். மழை படும் இணைப்பைச் சுற்றி நாடா ஒட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது தொலைக்காட்சிக்கு ஸ்பிளிட்டர் (ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் கருவி) போட்டால் ஒவ்வொரு பக்கமும் பாதி அலைகூடப் போகாது. உங்கள் ஊரில் அதுவே போதும். ஸ்பிளிட்டர் மாட்டிய பிறகுதான் படம் உடைகிறது என்றால் அப்போது பூஸ்டர் வாங்கலாம். அதையும் ஏரியலுக்குப் பக்கத்தில் கம்பத்திலேயே மாட்ட வேண்டும், தொலைக்காட்சிக்குப் பின்னால் அல்ல.