பூட்டிய தொலைபேசி

அன்புள்ள ஐயா,

2001 செப்டம்பர் 11 பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அவ்வளவு பெரிய விமானப்படை வைத்திருக்கும் அமெரிக்காவால், கடத்தப்பட்ட நான்கு பயணிகள் விமானங்களில் ஒன்றைக்கூட ஏன் மறிக்க முடியவில்லை? ஒன்றேமுக்கால் மணி நேரம் எல்லோரும் தூங்கினார்களா? வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்கிறார் காணொளிக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கோபுரங்கள் சரிந்த விதம் பற்றியும் எழுதுங்கள்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

கோபுரங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பொறியாளர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 'தூங்கினார்களா' என்று கேட்டீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. இரண்டு வாரமாக அந்த நாளைப் பற்றிய விசாரணை ஆணைய அறிக்கையைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அன்று காலை அமெரிக்காவின் வடகிழக்கு முழுமைக்கும், கூப்பிட்டதும் கிளம்பத் தயாராக நின்றவை நான்கே போர்விமானங்கள். மாசசூசெட்ஸின் ஓடிஸ் தளத்தில் இரண்டு, வர்ஜீனியாவின் லாங்லியில் இரண்டு. பனிப்போர் முடிந்தபின் குறைத்துக் குறைத்து அந்த எண்ணிக்கைக்கு வந்திருந்தார்கள். அவையும் கடல் தாண்டி வரும் பகைவனுக்காகக் காத்திருந்தவை. விமானத்திலிருந்து ரேடாருக்கு அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியைக் கடத்தியவர்கள் அணைத்ததும், ரேடார் திரையில் விமானத்தின் அடையாளமும் உயரமும் போய் வெறும் புள்ளிதான் மிஞ்சியது. அன்று காலை அந்த நாட்டின் வானில் ஏறத்தாழ 4,500 விமானங்கள். அதில் எந்தப் புள்ளியைத் துரத்துவது?

இதெல்லாம் யாரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது தொலைபேசியைப் பற்றி.

விமானம் கடத்தப்பட்டால் ராணுவத்தைக் கூப்பிட ஒரு முறை வைத்திருந்தார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் தன் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். அது வாஷிங்டனிலுள்ள விமானப் போக்குவரத்துத் துறையின் தலைமையகத்துக்குச் சொல்லும். அந்தத் தலைமையகம், ராணுவத் தலைமையிடமான பென்டகனைக் கேட்கும். பாதுகாப்புத் துறைச் செயலர் அலுவலகம் சம்மதித்தால் உத்தரவு அதே படிகளில் கீழே இறங்கி வரும். கடத்துகிறவன் ஒளிய மாட்டான், பேரம் பேசுவான், எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும் என்று நம்பி எழுதிய விதி அது.

8.24 மணிக்குக் கடத்தல்காரனின் குரல் பாஸ்டன் மையத்தில் கேட்டது. மேலிடத்துக்குச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. 8.37க்கு, படிகளையெல்லாம் தாண்டி, நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரிலிருந்த வான்பாதுகாப்பு மையத்தை நேராகவே கூப்பிட்டுவிட்டார்கள். இது நிஜமா ஒத்திகையா என்று அங்கே திருப்பிக் கேட்டார்கள். அந்த வாரம் ஒத்திகையும் இருந்தது. 8.46க்குக் கிளம்பும் உத்தரவு. அதே நிமிடம் முதல் விமானம் வடக்குக் கோபுரத்தில் மோதியது. ஓடிஸ் விமானங்கள் தரையை விட்டு எழும்பும்போது 8.53.

8.37க்கும் 8.46க்கும் நடுவிலிருந்த அந்த ஒன்பது நிமிடம்தான், கே., நான்கு விமானங்களிலும் ராணுவத்துக்குக் கிடைத்த அதிகபட்ச அவகாசம். இரண்டாவது விமானத்தைப் பற்றிய தகவல் அது மோதுகிற நேரத்தில்தான் வந்தது. மூன்றாவதைக் காணவில்லை என்று தெரிந்தது பென்டகனில் மோத மூன்று நிமிடம் இருக்கையில். லாங்லி விமானங்களோ, முதல் விமானம் இன்னும் பறக்கிறது என்ற தவறான தகவலை நம்பிக் கிளம்பி, பழைய பழக்கத்தில் கிழக்கே கடல்மேல் போயிருந்தன. நான்காவது கடத்தப்பட்ட செய்தி, அது பென்சில்வேனியாவில் விழுந்து நான்கு நிமிடம் கழித்துக் கிடைத்தது. சுட உத்தரவு இருந்ததா என்ற சண்டையெல்லாம் அதற்கப்புறம்தான்.

கிடைத்த அந்த ஒன்பது நிமிடமும் பாஸ்டனில் சிலர் முறையை மீறியதால் கிடைத்தது. நான்காவது விமானத்துக்கு என்ன ஆயிற்று பாருங்கள். ராணுவத்திடம் சொல்லியாயிற்றா என்று கிளீவ்லாந்து மையம் 9.36க்கே கேட்டது. அது மேலிடத்து வேலை என்று பதில். 9.49க்கு, போர்விமானம் கேட்கலாமா என்று அந்த மேலிடத்தார் தலைமையகத்தைக் கேட்கிறார்கள். தெரியவில்லையே என்கிறார் தலைமையகத்தில் ஒருவர். பத்து நிமிடத்துக்குள் யாராவது முடிவு செய்தாக வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் அறையை விட்டுப் போய்விட்டார்களே என்கிறார். 10.03க்கு விமானம் விழுந்தது. ஒலிப்பதிவில் இருக்கும் உரையாடல் இது.

வேண்டுமென்றே விட்டார்கள் என்று நம்புவது உங்களுக்கு வசதியாக இருக்கிறது. யாரோ ஒருவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் படிக்கிற வேலை மிச்சம். அந்த அறிக்கையின் முதல் அத்தியாயம் ஐம்பது பக்கம்கூட இல்லை. காணொளிக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போதும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

இளவயதில் ஒரு தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஐப்பசி அடைமழை, வெள்ளத்துக்காக இரவுப்பணி போட்டிருந்தார்கள். பன்னிரண்டேகால் மணிக்கு ஒரு ரைஸ்மில்லிலிருந்து போன். "ஏரிக்கரையில ஓட்ட விழுந்திருச்சு சார், தண்ணி கலங்கலா வருது, கீழ காலனிக்குச் சொல்லுங்க." காலனிக்குப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஜீப் இருந்தது. அதன் நம்பர் என் தலைக்குமேல் சுவரில் ஒட்டியிருந்தது. போன் டயலில் சின்னப் பித்தளைப் பூட்டு. சாவி தலைமை எழுத்தர் வீட்டில்.

பூட்டிய போனிலும் ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டுவிடலாம். அந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு எண் தட்டினேன். நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று கை நின்றுவிட்டது. பதிவேட்டில் எழுதிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் மூன்று கிலோமீட்டர் தலைமை எழுத்தர் வீட்டுக்குப் போனேன். தாசில்தாரைக் கேட்காமல் முடியாது என்றார். தாசில்தார் கேம்ப். ஜீப் கிளம்பும்போது இரண்டு மணி. தண்ணீர் ஒன்றரைக்கே காலனிக்குள் வந்துவிட்டது. ஜனங்கள் தாங்களாகவே பள்ளிக்கூட மாடிக்கு ஏறியிருந்தார்கள். கட்டியிருந்த மாடுகளை அவிழ்க்க நேரமில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அன்று போன் செய்தவரைப் பந்தியில் பார்த்தேன். தொண்ணூறை நெருங்குகிறார். நான்தான் அன்றைக்குப் போனை எடுத்தவன் என்று சொன்னேன். கோபமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்கியிருப்பீங்கன்னு நெனச்சோம் சார்" என்றார்.

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், கே.