ஸ்டிக் டிரிஃப்ட் என்றால் என்ன? ஏன் வருகிறது?

வீடியோ கேம் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சியான அனலாக் ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் நடப்பதும், கேமரா தானாகத் திரும்புவதும்தான் ஸ்டிக் டிரிஃப்ட்.

ஸ்டிக்கின் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் (அசைவை மின்னழுத்தமாகக் காட்டும் சென்சார்கள்) உண்டு. ஒன்று இடவலத்துக்கு, மற்றது மேல்கீழுக்கு. அசைக்கும்போது சின்ன உலோக முனை கார்பன் பூச்சின் மேல் உரசி நகரும். அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். பூச்சு தேய்ந்துவிட்டால் நடுவில் நிற்கும் ஸ்டிக்கும் ‘கொஞ்சம் இடப்பக்கம்’ என்று பொய்க்கணக்கு காட்டும். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்குமே, கிட்டத்தட்ட அதே கோளாறு.

முதலில் செட்டிங்ஸில் டெட்ஸோனை, அதாவது நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையை, சிறிது சிறிதாகக் கூட்டி, நகர்வு நின்றதும் விட்டுவிடுங்கள். அதிகம் வைத்தால் நுணுக்கமாகக் குறிபார்க்க முடியாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தூசியைத்தான் நீக்கும், தேய்ந்த பூச்சை மீட்காது. நிரந்தரத் தீர்வு, ஸ்டிக்கும் சென்சார்களும் சேர்ந்த மாட்யூலையே மாற்றுவது. வழக்கமான வகை, போர்டில் 14 முனைகளில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். பழக்கமில்லாதவர் கைவைத்தால் போர்டே போய்விடும்.

புதிதாக வாங்குவதானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கே நல்லது. காந்தப்புலத்தை அளப்பதால் சென்சாரில் உரசல் கிடையாது. 1998-இல் வந்த செகா டிரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. நிறுவனங்கள் இன்னும் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சிக்கனம் தவிர வேறு நியாயம் தெரியவில்லை.

முரட்டுத்தனமாக ஆடுபவர்களுக்குத்தான் டிரிஃப்ட் வரும் என்பது தவறு. மென்மையாக ஆடினாலும் அந்தப் பூச்சு தேயும், சற்று தாமதமாக.