வாசகர் கேள்விகள்: போலந்திலிருந்து வந்த வேளாண் ஆணையர்

வாசகர், மன்னார்குடி: போலந்து விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டு உக்ரைன் எல்லைச் சாலைகளை மறித்ததைச் சென்ற இதழில் குறிப்பிட்டபோது, அன்றைய ஐரோப்பிய வேளாண் ஆணையரும் போலந்துக்காரர்தான் என்று எழுதியிருந்தீர்கள். யார் அவர்? வேளாண்மை படித்தவரா?

அவர் பெயர் யானுஷ் வொய்செஹோவ்ஸ்கி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் வேளாண் துறையைக் கவனித்தவர். 1954-இல் மத்திய போலந்தின் ராவா மசோவியெட்ஸ்கா என்ற ஊரில் பிறந்த அவர் படித்தது சட்டம், நீதிபதியாகவும் இருந்தவர். 1995 முதல் 2001 வரை போலந்தின் உச்சத் தணிக்கை அமைப்புக்குத் தலைமை தாங்கினார். நம் நாட்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வகிக்கும் பொறுப்பைப் போன்றது அது. பிறகு நாடாளுமன்றக் கீழவையின் துணைத் தலைவர், விவசாயிகளின் ஆதரவை நம்பி நின்ற போலந்து மக்கள் கட்சியின் தலைவர் என்று உயர்ந்து, போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த 2004-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பின்னாளில் அவர் சேர்ந்தது சட்டமும் நீதியும் கட்சி. 2016-இல் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பியத் தணிக்கை மன்றத்தின் உறுப்பினரானார். 2019 டிசம்பர் முதல் தேதி ஆணையர் பொறுப்பை ஏற்றார்.

அதற்கு முன் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வேளாண் குழு அவரை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டது. பதில்கள் தெளிவாக இல்லை என்று கருதிய உறுப்பினர்கள் இரண்டாம் முறையும் அழைத்துக் கேட்ட பிறகே ஒப்புதல் கொடுத்தார்கள். ஒரு பெரிய பதவிக்கு வருபவரை இப்படி எல்லார் முன்னிலையிலும் உட்காரவைத்துக் கேட்கும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வாசகர், திருத்துறைப்பூண்டி: சொந்த நாட்டுக்காரர் அந்தப் பதவியில் இருந்தும் போலந்து விவசாயிகள் ஏன் தெருவுக்கு வந்தார்கள்?

அறுவடை முடிந்த கையோடு விலை சரிந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் ரஷ்யா போர் தொடுத்ததும் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. உக்ரைனுக்குக் கைகொடுக்க, அந்த நாட்டுப் பொருள்களுக்கான இறக்குமதி வரியை ஒன்றியம் அவ்வாண்டு ஜூன் மாதம் நிறுத்திவைத்தது. போலந்து, ருமேனியா போன்ற நாடுகளின் வழியாகத் துறைமுகங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தானியத்தில் ஒரு பகுதி வழியிலேயே தங்கி, அங்குள்ள கிடங்குகளை நிரப்பி, உள்ளூர்க் கோதுமையின் விலையையும் மக்காச்சோளத்தின் விலையையும் கீழே இழுத்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று வானத்தைப் பார்த்து நிற்கும் நம் சம்பா விவசாயிக்கு அந்தக் கிடங்கின் முன்னால் நின்றவரின் மனநிலை புரியும். ஒரு வேறுபாடு உண்டு. நமக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையில் வாங்குவதற்கு அரசு நிலையம் இருக்கிறது. அங்கே விவசாயிக்குக் கிடைக்கும் பெரும்பான்மை உதவி நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டுத் தரப்படும் மானியம்தான், விற்பனை விலையைச் சந்தையே முடிவு செய்கிறது.

2023 ஏப்ரலில் போலந்து தானாகவே இறக்குமதியைத் தடை செய்தது. மே மாதம் ஒன்றியமே முன்வந்து, கோதுமை, மக்காச்சோளம், கடுகு இனத்து எண்ணெய் வித்தான ரேப்சீட், சூரியகாந்தி விதை ஆகிய நான்கையும் போலந்து உட்பட உக்ரைனுக்கு அருகிலுள்ள உறுப்பு நாடுகள் ஐந்தில் விற்கக் கூடாது என்றது. கடந்து செல்ல மட்டும் அனுமதித்தது. அந்த ஏற்பாட்டை ஆண்டு இறுதி வரை நீட்டிக்க வேண்டும் என்று வொய்செஹோவ்ஸ்கி வெளிப்படையாகவே வாதாடினார். ஆணையம் ஏற்கவில்லை, செப்டம்பர் 15-ஆம் தேதியோடு அது முடிந்தது. ஆணையர் என்பவர் தன் நாட்டின் பிரதிநிதியாக இல்லாமல் ஒன்றியம் முழுவதன் நலனுக்காகச் செயல்பட வேண்டும் என்பது விதி. முடிவெடுப்பதோ ஆணையர்கள் அனைவரும் கூடி. ஆகவே ஊரில் அவரைக் கையாலாகாதவர் என்றார்கள், ஆணையத்தின் தலைமையகம் உள்ள பிரஸ்ஸல்ஸில் போலந்துக்காரராகவே பேசுகிறார் என்றார்கள். அவர் கேட்ட நீட்டிப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் சக ஆணையர்களைத் தன் பக்கம் கொண்டுவரும் திறமை அவரிடம் போதவில்லை.

வாசகர், வேதாரண்யம்: அவர் பதவி விலகினாரா?

இல்லை. 2024-இன் தொடக்கத்தில் அவரது கட்சித் தலைவர் யாரோஸ்லாவ் காச்சின்ஸ்கியே விலகும்படி கேட்டும் அவர் விலகவில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் பதவிக் காலம் முடிந்தபோது, லக்சம்பர்க்கைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஹான்சன் அந்த இடத்துக்கு வந்தார்.

வாசகி, திருவையாறு: சிறு விவசாயிகளுக்காக அவர் ஏதாவது செய்தாரா?

அவர் ஓயாமல் பேசியது இதைப் பற்றித்தான். 2005-க்கும் 2020-க்கும் இடையே ஒன்றியத்தில் ஏறத்தாழ 53 லட்சம் பண்ணைகள் மறைந்துபோயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறியவை. போலந்தில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு சுமார் 11 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் நான்கு வேலி. நமக்கு அது மிராசுதார் நிலம். அங்கே அது சிறு பண்ணை.

பரப்பைப் பார்த்துத் தரும் மானியத்தில் சுமார் 80 சதவீதம் 20 சதவீதத்தினரிடம் போய்ச் சேர்கிறது. அவருக்கு முன்பிருந்த ஆணையர் காலத்தில் வரைவாகி, அவர் காலத்தில் நிறைவேறி, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கை, நேரடி மானியத்தில் குறைந்தது 10 சதவீதத்தைச் சிறிய, நடுத்தரப் பண்ணைகளின் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்கிறது, விதிவிலக்குகளும் உண்டு. நல்ல தொடக்கம்தான். ஆனால் நிலத்தின் அளவே உதவியின் அளவாக இருக்கும் வரை பெரிய பண்ணை இன்னும் பெரிதாகும் என்பதைக் கணக்குத் தணிக்கையில் பல ஆண்டுகளைக் கழித்தவர் நன்றாகவே அறிந்திருப்பார். வெள்ள நிவாரணம் பட்டா வைத்திருப்பவர் பெயரில் எழுதப்பட்டு, குத்தகைக்கு உழுதவர் வெறுங்கையோடு திரும்புவதைக் காவிரிக் கரையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்த 10 சதவீதம் ஏன் 30 ஆகவில்லை என்று அவரிடம் கேட்கத் தோன்றுகிறது.