வாசகர் கேள்வி: கேமரா வந்தால் அடி நிற்குமா?

கேள்வி: எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைத்துவிட்டால் லாக்கப் அடி நின்றுவிடும் என்கிறாரே என் மருமகன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மருமகன் நல்ல மனிதர் போலிருக்கிறது. சாத்தான்குளத்திலும் கேமரா இருந்ததம்மா. 2020 ஜூனில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் அங்கே அடிபட்டு இறந்த பிறகு, உயர் நீதிமன்றம் அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தார். ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளம். ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள்! லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததைச் சொன்னது கேமரா அல்ல, அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அந்தத் துணிச்சலை எந்தக் கடையில் வாங்குவது?

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒலியோடு பதிவு செய்து 18 மாதம் வைத்திருக்கவேண்டும், முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றது. நல்ல உத்தரவு. ஆனால் பதிவு யார் கையில், புகாரை விசாரிப்பது யார்?

காவல்துறையினர் மீதான புகார்களை விசாரிக்கும் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக உட்கார வைத்தது. மாமியார் கொடுமைப் பஞ்சாயத்துக்கு மாமியாரே நாட்டாமை.

மருமகனிடம் இதையும் சொல்லுங்கள்: காவலில் அடிபட்டவர் மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்தால், அந்த ஆணையம் பதிவை உடனே வரவழைக்கலாம். அழிவதற்குள் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.