ஒரு கான்ஜி எழுத்துக்கு 12 உச்சரிப்பு: அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்காக என்-4 மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘பிறப்பு, வாழ்வு’ என்று பொருள்படும் 生 என்ற கான்ஜி (சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த சொல்லெழுத்து) எழுத்துக்கு 12 உச்சரிப்புகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, ஒப்பிக்கச் சொல்கிறார்கள். நான்கு நாட்களாகியும் மனதில் நிற்கவில்லை. எல்லாம் அவசியமா?

பதில்: அவசியமில்லை. அந்தத் தாளை இன்றே மடித்து வைத்துவிடுங்கள்.

ஜப்பான் அரசின் 2010-ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அதில் இந்த எழுத்துக்கு 12 உச்சரிப்புகள் தரப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் எந்த ஜப்பானியக் குழந்தையும் அவற்றை வரிசையாக ஒப்பித்துக் கற்பதில்லை. நாம் ‘1’ என்ற எண்ணை ‘ஒன்று’ என்று வாசிக்கிறோம். ‘1 ரூபாய்’ என்று இருந்தால் ‘ஒரு ரூபாய்’ என்கிறோம். இதற்காக யாராவது பட்டியல் போட்டுப் படித்தோமா? சொல்லோடு சேர்ந்தே வந்தது.

முதலில் பொருளைப் பிடியுங்கள். ஐந்து கோடுகள் கொண்ட இந்த எழுத்து, மண்ணைக் கீறி முளைத்து வரும் செடியின் படமாகப் பிறந்தது. முளைப்பது, பிறப்பது, உயிரோடு இருப்பது, வேகாத பச்சை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. தமிழர்களுக்கு இது எளிது. பச்சை முட்டை என்கிறோம், பச்சைக் குழந்தை என்கிறோம், பச்சைப் பயிர் என்கிறோம். அதே உறவுதான் இங்கும்.

உச்சரிப்புக்கு வருவோம். பக்கத்தில் இன்னொரு கான்ஜி இருந்தால், பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த ‘செய்’ அல்லது ‘ஷோ’. ஆசிரியர் ‘சென்செய்’, மாணவர் ‘கக்குசெய்’, அன்றாட வாழ்க்கை ‘செய்கட்சு’. பிறந்தநாளில் ‘ஷோ’ சற்று மாறி ‘தன்ஜோபி’ ஆகும். பின்னால் ஹிரகானா (ஜப்பானியத்தின் ஒலி எழுத்துகள்) வால் ஒட்டியிருந்தால் சொந்த ஜப்பானிய ஒலி: பிறப்பதற்கு ‘உமரேரு’, வாழ்வதற்கு ‘இகிரு’. ‘நமா’ என்றால் பச்சை. பச்சை முட்டை ‘நமா தமகோ’. இப்போதைக்கு இவை போதும். கூடவே ‘செய்னென்கப்பி’ என்ற சொல்லையும் கற்றுக்கொள்ளுங்கள். பிறந்த தேதி என்று பொருள். நீங்கள் நிரப்பப்போகும் படிவங்களில் அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு அச்சிட்ட கையேடுகளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புரிவதற்காக நானும் இங்கே அப்படித்தான் எழுதுகிறேன், ஆனால் அது கைத்தடி மட்டுமே. ஜப்பானியத்தில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘கின்’! முதலாவதில் ‘கடல்’ என்பதன் க, இரண்டாவதில் ‘தங்கம்’ என்பதன் க. கையேடு அதைக் காட்டாது. ஹிரகானாவை முழுமையாகப் படித்துவிட்டுக் கான்ஜிக்கு வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ‘அதிகாரப்பூர்வ என்-4 கான்ஜிப் பட்டியல்’ என்று சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகி வாருங்கள். 2010-இல் தேர்வு முறை மாறியதிலிருந்து அப்படி ஒரு பட்டியல் வெளியிடப்படுவதே இல்லை. பழைய பட்டியலையும் ஊகத்தையும் கலந்து விற்கிறார்கள். ‘தேர்ச்சிக்கு உத்தரவாதம்’ என்று முன்பணம் வாங்கும் முகவர்கள் அதைவிட மோசம். கடன் வாங்கிக் கட்டிவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேர்வின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. முழுக்க நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்விகள். ஒரு வாக்கியம் பேசச் சொல்வதில்லை, ஓர் எழுத்து எழுதச் சொல்வதில்லை. பிறகு பயிற்சி மையங்கள் தாள் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் வேலையிலேயே வரும்: மனிதர் பெயர்கள். 2014, 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீரர் யுசுரு ஹன்யூ. 1996-இல் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க ஆட்டத்தின் ஏழு பட்டங்களையும் ஒரே சமயத்தில் வைத்திருந்தவர் யோஷிஹரு ஹபு. ஹன்யூ, ஹபு இரண்டும் எழுத்தில் ஒன்றேதான்: ‘இறகு’ என்ற கான்ஜி, அடுத்து நம்முடைய இந்த எழுத்து. அது ஒருவருக்கு ‘ன்யூ’, மற்றவருக்கு ‘பு’. உங்கள் தாளில் உள்ள பன்னிரண்டில் இரண்டுமே இல்லை. எந்த விதியும் இங்கே உதவாது, ஜப்பானியர்களே தடுமாறுவார்கள். அதனால்தான் அங்குள்ள படிவங்களில் பெயருக்கு மேலே ஒலியை எழுத ஃபுரிகானா வரி ஒன்றை விடுகிறார்கள். இல்லத்தில் ஒரு முதியவரின் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் அந்த வரியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் ஊகிக்க வேண்டாம். “நன் தோ ஓயோமி ஷிமாசு கா” என்று பணிவாகக் கேளுங்கள். ‘எப்படி வாசிப்பது?’ என்று பொருள். கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.